நூற்றுப் பதினேழாம் நம்பர் செல்வி

வாசலில் நின்று "அம்மா, இந்த வீட்டுல இருந்தவங்க இன்னும் உயிரோட இருக்காங்களா?" என்று கேட்பதற்கு மாதச் சம்பளம் தரும் உத்தியோகம் ஒன்று இருக்கிறது, அதை நான் ஏழு வருஷம் பார்த்தேன்.

நீங்களும் கதவு தட்டிப் பிழைத்தவராக இருந்தால், ஜனத்தொகைக் கணக்கெடுத்தவரோ, இன்ஷூரன்ஸ் பிடித்தவரோ, போலியோ சொட்டு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவரோ, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். நாய் குரைக்கும். வெயில் மண்டையைப் பிளக்கும். தண்ணீர் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆனால் உங்களைப் பார்த்ததும் யாரும் அவசர அவசரமாக விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டிருக்க மாட்டார்கள். என்னைப் பார்த்துப் பூசிக்கொண்டார்கள்.

தஞ்சாவூரில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி. அதில் ஆராய்ச்சிப் பிரிவு. ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் முளைத்து, வீட்டுக்கு ஒருத்தர் மஸ்கட்டுக்கோ சிங்கப்பூருக்கோ விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம். மார்பில் கட்டி வந்த பெண்களுக்குக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தால் போதுமா, இல்லை மார்பையே எடுத்தால்தான் பிழைப்பார்களா என்று ஆராய்ச்சி. வைத்தியம் செய்வது டாக்டர்கள். அதற்கப்புறம் ஐந்து வருஷம் அந்தப் பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று வீடு தேடிப் போய்ப் பார்த்து அட்டையில் எழுதுவது நான்.

நாலு கட்டம்

அட்டையில் நாலு கட்டம் இருக்கும். உயிருடன், நோயில்லை. உயிருடன், நோயுடன். இறப்பு. தகவல் இல்லை. இதில் ஒன்றில் டிக் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது இல்லையா? செய்து பாருங்கள்.

சேர்ந்த முதல் மாதம் ஏழு அட்டையில் 'தகவல் இல்லை' என்று டிக் போட்டுக்கொண்டு போய் நின்றேன். ஒருத்தி வீடு மாறிவிட்டாள், ஒருத்தி திருப்பூர் போய்விட்டாள், ஒருத்தி கொடுத்த விலாசத்தில் மாட்டுக்கொட்டகைதான் இருந்தது. எங்கள் டாக்டரம்மா நல்ல மனுஷி, ஆனால் ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் வேறு ஆள். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "செத்துப் போனாக்கூட எழுதிக்கலாம்மா, காணாமப் போனாத்தான் நமக்கு வம்பு."

அய்யனாரும் கம்ப்யூட்டரும்

எந்தப் பெண்ணுக்கு எந்த வைத்தியம் என்பதை டாக்டர் முடிவு செய்வதில்லை, வைத்தியத்தின் பெயரெழுதிய சீட்டை உள்ளே போட்டு ஒட்டி வைத்த உறை முடிவு செய்யும். ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு விவசாயிக்கு நான்தான் இதை விளக்கிச் சொன்னேன். சம்மதமிருந்தால் மட்டும் சேரலாம், இல்லையென்றாலும் வைத்தியம் உண்டு என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புரியுதுங்க, பூக்கட்டிப் பார்க்கிற மாதிரி" என்றார். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம். சிவப்புப் பூவை ஒரு பொட்டலம், வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வந்த பூதான் உத்தரவு.

உறைக்குள் சீட்டைப் போட்டது யார் என்று கேட்டார். கம்ப்யூட்டர் என்றேன். அதுக்கு எங்க வீட்டுப் பொம்பளையைத் தெரியுமா என்றார். தெரியாது, தெரியக் கூடாது, அதுதான் இதில் நியாயம் என்றேன். மனிதர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் அவர் மனைவி சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மார்பை மூடிக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்: "அப்பச் சரிங்க. எங்க அய்யனாரும் அப்படித்தான், எதிர்ல நிக்கிறது யாருன்னு பார்க்கிறதே இல்ல."

கால் வைத்த தெரு

அம்மாபேட்டைக்கு உள்ளே ஒரு ஊர். ஒரே தெருவில் எங்களுக்கு மூன்று பேர். மூன்று பேருக்குமே நோய் திரும்பி வந்து முற்றியிருந்தது. ஆடியில் முதல் வீட்டுக்குப் போனேன். நாலாம் நாள் அந்த அம்மா போய்விட்டார். ஆவணியில் இரண்டாவது வீடு, அதே வாரம். புரட்டாசியில் மூன்றாவது வீட்டுக்குப் போய்விட்டு வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. நான் என்னங்க செய்வேன்? சாகக் கிடக்கிறவர்களைப் பார்க்கத்தான் என்னை அனுப்புகிறார்கள்.

தீபாவளி முடிந்து, இறந்த தேதிகளைச் சரிபார்க்கத் திரும்பவும் அந்தத் தெருவுக்குள் நுழைந்தேன். பட்டப்பகல் பதினோரு மணி. முதல் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. அடுத்தது. அதற்கு அடுத்தது. நான் நடக்க நடக்க எனக்கு ஒரு வீடு முன்னாலேயே தாழ்ப்பாள் போடும் சத்தம் போய்க்கொண்டிருந்தது. நெல் காய்ந்துகொண்டிருந்த களத்தில் ஆளில்லை. காக்கை ஓட்டுகிற கோல் மட்டும் கீழே கிடந்தது. நானே திரும்பிப் பார்த்தேன், எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களோ என்று. கடைசி வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு பெண் குரல் கெஞ்சியது: "அக்கா, நாங்க எல்லாரும் நல்லாருக்கோம். நீங்க அப்படியே எழுதிக்கிட்டு பஸ் ஏறிடுங்க."

நூற்றுப் பதினேழு

இப்படி அலைந்தவளுக்கு ஒரே ஆறுதல் நூற்றுப் பதினேழாம் நம்பர் செல்வி. பாபநாசத்துக்குப் பக்கத்தில் வீடு. கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைத்த கேஸ். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே அவளுக்கு வைத்தியம் முடிந்திருந்தது. அப்போது பார்த்த டாக்டரும் மாற்றலாகிப் போயிருந்தார். ஆகவே நான் முதன்முதலில் பார்த்ததே அவள் வீட்டு வாசலில்தான். கன்னம் இரண்டும் உப்பி, வெண்கலப் பானையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ராஜாத்தி மாதிரி வந்தாள். மூன்று வருஷம், மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் 'உயிருடன், நோயில்லை'. டாக்டரம்மா கூட்டத்துக்குக் கூட்டம் அவளைப் பற்றிப் பேசுவார்.

ஆனால் ஒன்று. நான் கேள்வி கேட்டால் பரீட்சைக்குப் படித்த பிள்ளை மாதிரி ஒப்பிப்பாள். வலி இல்லை, வீக்கம் இல்லை, பசி நன்றாக எடுக்கிறது. கையெழுத்துப் போடச் சொன்னால் மட்டும் பேனாவை வாங்கியபடி அப்படியே நின்றுவிடுவாள். மூன்றாவது தடவை போனபோது இடது மார்பின் மேல் கையை வைத்துக்கொண்டு, இப்போதெல்லாம் இந்த இடத்தில் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள். தழும்பில் அப்படித்தான் இருக்கும் என்று நான் பெரிய மேதாவி மாதிரி சமாதானம் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பின்னாலேயே தெருமுனை வரை வந்து, யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பேர்ல இருக்கிற வியாதி உடம்புக்கு வந்துடுமா அக்கா?"

தழும்பு எங்கே?

ஐந்தாம் வருஷம் நேரில் வந்து டாக்டரிடம் உடம்பைக் காட்ட வேண்டும். தேதி போட்டுக் கடுதாசி அனுப்பினோம். செல்வி வந்தாள். டாக்டரம்மா திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு நிமிஷம் கழித்து என்னைக் கூப்பிட்டு, அட்டையைக் காட்டு என்றார். இடது மார்பு, மேல்பக்கம், கட்டி நீக்கம் என்று தெளிவாக இருந்தது. டாக்டரம்மா செல்வியின் மார்பைத் திரும்பவும் பார்த்தார், விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கத்தி பட்ட கோடு இல்லை. கரண்ட் வைத்த கறுப்பும் இல்லை. வெட்டி எடுத்த சதை திரும்ப முளைத்த மாதிரி, பிறந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. நான் சத்தியமாகப் பயந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. எடுத்தேன். பின்னால் பஸ் ஹார்ன் சத்தம். ஏதோ ஒரு பூத். மெல்லிய குரல், அவசரக் குரல். "நான் செல்வி பேசுறேங்க. நூத்திப் பதினேழாம் நம்பர். இன்னைக்கு எனக்குத் தேதி போட்டிருக்கீங்க, என்னால வர முடியாது. அக்குள்ள புதுசா ஒரு கட்டி தெரியுது. என்ன செய்யணும்னு சொல்லுங்க, வெளியில ஆள் நிக்குது." செல்வி என் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து ரவிக்கைக் கொக்கியை மாட்டிக்கொண்டிருக்கிறாள், செல்வி என் காதில் அழுதுகொண்டிருக்கிறாள். நான் ரிசீவரையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கண்டு செல்வி எழுந்து வந்தாள். என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள். ஒரு நொடி கேட்டாள். அப்புறம் அவளுக்கும் அழுகை வந்துவிட்டது: "கலா, செல்வி இங்க இருக்கேன்டி. நீ உன் பேரைச் சொல்லு."

மஞ்சள் கயிறு

அன்றைக்கு முழுக்கதையும் வெளியே வந்தது. கட்டி வந்தது செல்விக்கு இல்லை, அவள் நாத்தனார் கலைவாணிக்கு. அப்போது இருபத்தொரு வயது, கல்யாணமாகாத பெண். மஸ்கட்டில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை வீட்டோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணின் பெயரில் இப்படி ஒரு வியாதி ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் ஏறினால் யார் கட்டுவார்கள் என்று அண்ணன் ஒரே பிடியாக நின்றான். அண்ணி தன் பெயரைக் கொடுத்தாள். வயதைக் கூட்டிச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு வரும் நாட்களில் மட்டும் கலாவின் கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு ஒன்றைப் போட்டுக் கூட்டி வருவார்களாம். வீட்டுக்குப் போகுமுன் பஸ் ஸ்டாண்டு குழாயடியில் அதைக் கழற்றிக் கைப்பையில் வைப்பது செல்வியின் வேலை. வைத்தியம் முடிந்தது, கல்யாணமும் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டில் தழும்பைக் கேட்டால் சின்ன வயதில் வந்த சீழ்க்கட்டியைக் கீறியது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இப்போது கலா பூம்புகார் போகிற வழியில் ஒரு கிராமத்தில் மாமியாரோடு இருக்கிறாள். புருஷன் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவான். மாமியார் எங்கேயும் தனியாக விட மாட்டார், பூத்துக்குக்கூடக் கூடவே வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பார். இன்றைக்குத் தேதி என்று தெரிந்துதான் கலா போன் செய்திருக்கிறாள், மார்பில் ஏதோ ஊர்கிற பயம் தாங்காமல் அண்ணியே வந்து உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குத் தெரிந்த ஒரே பெயரைச் சொல்லியிருக்கிறாள். விஷயம் தெரிந்தால் வாழ்க்கை போச்சு, சொல்லாமல் இருந்தால் உயிர் போச்சு. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. டாக்டரம்மா அட்டையில் நான் போட்டிருந்த மூன்று டிக்கையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "மூணு வருஷமா நல்லாருக்கிற உடம்பைப் போய்ப் பார்த்து நல்லாருக்குன்னு எழுதிட்டு வந்திருக்கோம்" என்றார்.

ஒருத்திக்காக ஒரு முகாம்

ஆபத்து யாருக்கு இருக்கிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கக் கிராமங்களில் இலவசப் பரிசோதனை முகாம் நடத்துவதும் எங்கள் வேலையில் ஒரு பங்கு. எந்த ஊர் என்று ஆறு மாதத்துக்கு முன்பே தீர்மானமாகிவிடும். டாக்டரம்மாவின் காலில் விழாத குறையாக நின்று, கலா இருந்த ஊரை அந்த மாதமே நுழைத்தேன். புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி கண்டுபிடித்துவிட்டால் அவளை யாரும் குறை சொல்ல முடியாது என்பது என் யோசனை. ஆட்டோவில் மைக் கட்டி, வருகிறவர்களுக்குச் சத்து மாத்திரையும் எவர்சில்வர் டம்ளரும் உண்டு என்று சொல்ல வைத்தேன். டம்ளர் என்றால் எங்கள் பக்கத்தில் செத்தவர்கள்கூட எழுந்து வருவார்கள், மன்னிக்க வேண்டும், வாய் தவறிவிட்டது.

பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு சேலையைக் குறுக்கே கட்டி மறைப்பு. கலா வந்தாள், கூடவே மாமியார் தனபாக்கியம். கலாவை டாக்டரம்மா உள்ளே கூட்டிக்கொண்டார். உங்களையும் பார்த்துவிடலாம் வாங்க என்று மாமியாரைக் கூப்பிட்டேன். "எனக்கென்னம்மா கேடு, நான் துணைக்கு வந்தேன்" என்று நகர்ந்தார். அவர் மேலெல்லாம் சாம்பிராணி வாசனை, கும்பாபிஷேகத்திலிருந்து எழுந்து வந்த மாதிரி. ஆனால் சாம்பிராணிக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. எங்கள் வார்டில் ஒரு மாதம் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வாடை தெரியும். நான் ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்து மறைப்புக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தேன். ரவிக்கைக்குள் நாலாக மடித்த பழைய வேட்டித் துணி. அதை எடுத்தேன். அடியில் மார்பு புண்ணாகி அழுகியிருந்தது.

சேலைக்கு அந்தப் பக்கம் கலா டாக்டரம்மாவிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்: "எங்க அத்தைக்கு மட்டும் தெரிய வேணாம் டாக்டர்." சேலைக்கு இந்தப் பக்கம் தனபாக்கியம் அம்மாள் என் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னார்: "என் மருமகளுக்கு மட்டும் தெரிய வேணாம்மா."

யாருக்கு யார் துணை

ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தரிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் சட்டம். அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. மூன்றாம் நாள் காலை, பார்த்தால், இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். மாமியாருக்கு மூச்சு இரைக்கிறது, காட்ட வேண்டும் என்று மருமகள் கூட்டி வந்திருக்கிறாள். மருமகளுக்கு இன்னும் குழந்தை இல்லை, காட்ட வேண்டும் என்று மாமியார் கூட்டி வந்திருக்கிறார். பதிவுச் சீட்டு எழுதுகிறவர் நோயாளி யார் என்று கேட்க, இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டினார்கள். வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் கலா ஒரு அடி முன்னால் வந்தாள். மாமியாரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "என் பேரு கலைவாணி. நோயாளி நான்தான். அஞ்சு வருஷமா."

அக்குள் கட்டியை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். தலைமுடி கொட்டியது, வளர்ந்தது. புருஷன் லீவில் வந்தபோது அவளே உட்கார வைத்துச் சொன்னாள். அவன் இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில் ரத்தம் கொடுக்க நின்றான். பழைய அட்டையில் செல்வியின் பெயரை ஒரே கோடாக அடித்தேன், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும் என்பது எங்கள் விதி, மேலே கலைவாணி என்று எழுதினேன். செல்வியை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை சோதித்து ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்ன அன்று அவள் ஆஸ்பத்திரி கேன்டீனில் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாள். நான் வேலையை விட்ட வருஷம்கூடக் கலா வீட்டுக்குப் போய் 'உயிருடன், நோயில்லை' என்று டிக் போட்டேன். இந்தத் தடவை ரவிக்கையை விலக்கித் தழும்பைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

தனபாக்கியம் அம்மாளுக்குக் காலம் கடந்துவிட்டது. புண்ணுக்கு மருந்து வைத்து, வலிக்கு மருந்து கொடுத்து, இருக்கும்வரை நோகாமல் பார்த்துக்கொண்டோம். அத்தையின் துணியில் கறை இருந்தது தெரியாதா என்று கலாவிடம் ஒருநாள் கோபமாகவே கேட்டேன். தெரியும் என்றாள், நான் கேட்டால் அவர்களும் என்னைக் கேட்டுவிடுவார்களே என்று பயந்தேன் என்றாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம், மாமியார் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கலா வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். தனபாக்கியம் அம்மாள் கண்ணைத் திறக்காமலே பேசினார்: "கல்யாணமாகி மூணாம் நாள் எண்ணெய் தேய்ச்சுவிடறப்பவே அந்தத் தழும்பைப் பார்த்துட்டேம்மா. எங்கக்காளுக்கும் அதே இடத்துலதான் கத்தி வச்சாங்க. கேட்டிருந்தா பயந்து அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பா. மவன் மஸ்கட்டுல, அப்புறம் அந்த வீட்டுல நான் யாரோட பேசுறது?"

உயிரோடு இருக்கிறாரா என்று ஏழு வருஷம் வாசல் வாசலாகக் கேட்டுத் திரிந்தவள் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் நோயாளி யார் என்று தெரிந்துகொள்ள ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், துணைக்கு வந்திருப்பது யார் என்று கேட்டாலே போதும்.